நிப்போங்கோ பாஸ் பண்ண துப்பாக்கி

இப்ப நான் சொல்லப்போறதுல ஒரே ஒரு சொல் பொய்யா இருந்தாலும், துக்காங் எமாஸ் ரோட்டுல உக்காந்திருக்காரே பொய்யாத பிள்ளையார், அவரு தும்பிக்கையாலேயே என் காதைத் திருகட்டும். பேருலயே பொய்யாதவர்னு போர்டு மாட்டிக்கிட்டு இருக்கிற சாமி மேல சத்தியம் பண்ணிட்டு எவனாவது புளுகுவானா? புளுகுறவன் வேற சாமியைத் தேடிப் போவான். கேளுங்க.

ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடிச்ச வருஷம் அது. காஜா பெராங்குல வெள்ளைக்காரன் ஒருத்தன் விட்டுட்டு ஓடின பங்களாவுல 'ஊர்க்காவல் ஆபீஸ்'னு போர்டு ஏறுச்சு. அதுக்குப் பெரிய கிராணி, அதான் தலைமைக் குமாஸ்தா, மாணிக்கவாசகம். வெள்ளைக்காரன் காலத்துல டை கட்டி, நடுவகிடு எடுத்து, பேனாவும் கையுமா "எஸ் சார்"னு நின்ன மனுஷன். கொடி மாறின மறுநாளே தலையை மொட்டை அடிச்சுட்டாரு. வேட்டிக்குக் கீழ கால்ல பட்டாளத்துக்காரன் மாதிரி காக்கித் துணியைச் சுத்திக்கிட்டாரு. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால தள்ளி தோக்கியோ நேரம் வைக்கணும்னு உத்தரவு. ஊரே வச்சுது. ஆனா நம்ம கிராணிக்குப் பசி கூட தோக்கியோ நேரப்படிதான் எடுத்துச்சு. பொண்டாட்டி "ஏங்க"ன்னு கூப்பிட்டா "ஹாய்!"னு ஜப்பான் பட்டாளத்துக்காரன் மாதிரி ஒரு கத்து கத்துவாரு. அந்தம்மா பயந்துபோய் ரெண்டு நாளு கோயில்லயே உக்காந்திருந்துச்சு.

அந்த ஆபீஸ்லதான் நம்ம தியாகு பியூனா இருந்தான். அதுக்கு முன்னால கித்தாத் தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டத்துல, ஒரு துரைக்குத் துப்பாக்கி தூக்கினவன். பன்னி செத்தா பேரு துரைக்கு, தப்பிச்சா திட்டு இவனுக்கு. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கினவன்னு கூட சொல்ல முடியாது. ஆனா துப்பாக்கி விஷயத்துல ஒரு பாடம் நெஞ்சுல ஏத்தி வச்சிருந்தான். சுடாத நேரத்துல தோட்டாவை வெளிய எடுத்துரணும். அவ்ளோதான் பாடம். இதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

ஒருநாள் தமுக்கு அடிச்சாங்க. "துப்பாக்கி வச்சிருக்கிற ஆளுங்க எல்லாம் பொழுது சாயறதுக்குள்ள, இருக்கிறது இருக்கிற மேனிக்குக் கொண்டாந்து ஒப்படைக்கணும்! தவறினா தலை இருக்காது!"

ஜவுளிக்கடை ஷரீஃபுதீன் நானாவுக்கு புக்கிட் காதில்ல கொஞ்சம் டுரியான் மரம். பழத்தைக் கடிக்கிற வௌவாலை விரட்ட ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வச்சிருந்தாரு. தமுக்குச் சத்தம் கேட்ட நேரத்துல நானா சரியா ஒரு வௌவாலைக் குறி பாத்துக்கிட்டு இருந்தாரு. ரெண்டு குழல்லயும் தோட்டா. மேல சுத்தியல் மாதிரி இருக்குமே குதிரை, அது ரெண்டும் பின்னால இழுத்தபடி தயாரா நிக்குது. இருக்கிற மேனிக்குன்னு சொல்லிட்டாங்களே! நானா அப்படியே ரெண்டு கையிலயும் பச்சப்புள்ளையை ஏந்துற மாதிரி ஏந்திக்கிட்டு காஜா பெராங் வரைக்கும் நடந்தே வந்துட்டாரு. வழியில ஒரு சைக்கிள்காரன் சலாம் சொன்னான். நானா பதில் சலாம் சொல்லத் திரும்பினாரு, சைக்கிள்காரன் சாக்கடையில இருந்தான்.

மேஜை மேல வச்சதும் தியாகு எட்டிப் பாத்தான்.

"நானா, ரெண்டு தோட்டாவும் உள்ளயா இருக்கு?"

"இருக்கு தம்பி."

"ஒரு ஈ வந்து விசையில உக்காந்தா போதுமே நானா!"

"அதான் தம்பி, வழியெல்லாம் ஊதிக்கிட்டே வந்தேன்."

தியாகு துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை உருவப் போனான். கிராணி அவன் கையில பளார்னு ஒண்ணு வச்சாரு.

"தொடாதடா! உத்தரவு எண் ஏழு தெரியுமா? ஒப்படைக்கப்பட்ட பொருள், ஒப்படைக்கப்பட்ட நிலையிலேயே, எவ்வித மாறுதலுமின்றிப் பாதுகாக்கப்படல் வேண்டும்."

"ஐயா, தோட்டாவை எடுத்தாத்தானே பாதுகாப்பு?"

"யாருக்குப் பாதுகாப்பு?"

"நமக்குத்தாங்க."

"உத்தரவுல நம்மளைப் பத்தி ஒண்ணுமே இல்லையே!"

அன்னைக்குச் சாயங்காலம் ஜப்பான் கேப்டன் வந்தாரு. துப்பாக்கியைப் பாத்தாரு, தியாகுவைப் பாத்தாரு, அஞ்சு நிமிஷம் விடாம கத்தினாரு. கிராணிதான் மொழிபெயர்ப்பு. அஞ்சு நிமிஷக் கத்தலைக் காது குடுத்துக் கேட்டுட்டுச் சொன்னாரு: "உன்னை இதுக்குக் காவலாளியா நியமிச்சிருக்காரு. மேற்படி துப்பாக்கி தானா வெடிச்சா, உன் தலையும் தானா விழும்."

"தானா எப்படிங்க விழும்?"

கேப்டன் இடுப்புல தொங்கின நீளக் கத்தியைக் கிராணி கண்ணால காமிச்சாரு. அதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கல.

வீட்டுல விஷயத்தைச் சொன்னதும் பொண்டாட்டி பூங்காவனம் மரவள்ளிக்கிழங்கை அப்படியே கீழ போட்டுட்டா. "ஐயோ, இத்தனை வருஷமா அந்தத் தலைக்குள்ள ஒண்ணுமில்லன்னு உங்களைத் திட்டினேனே! காலியா இருந்தாலும் எனக்கு அது வேணுமுங்க!"

மறுநாளே 'தற்செயல் வெடிப்புத் தடுப்புக் கமிட்டி' கூடுச்சு. கமிட்டின்னா கிராணி, கிராணியோட நாற்காலி, ஓரத்துல நின்னுக்கிட்டு தியாகு. முதல் பிரச்சினை, குழல் வாயை எந்தப் பக்கம் பாத்து வைக்கிறது?

"தரையைப் பாத்து வச்சிரலாம்ங்க."

"தரை இப்ப சக்கரவர்த்தியோட மண்ணு. அதைக் குறி பாக்குறியா?"

"அப்ப மேல?"

"மேல ஜப்பான் பிளேன் பறக்குது."

"கிழக்கால?"

"அடப்பாவி, கிழக்கே தோக்கியோ! காலையில நம்ம எல்லாம் அந்தப் பக்கம்தானே குனிஞ்சு கும்பிடுறோம்!"

வடக்க கேப்டன் பங்களா, தெக்க பட்டாளத்து அரிசிக் கிடங்கு. மிச்சம் இருந்தது மேற்கு. ஆபீஸ் ஆளுங்க நிக்கிற பக்கம். அதுக்கு யாரும் ஆட்சேபணை சொல்லல. ஏன்னா அங்க நிக்கிறவங்களை யாரும் கேக்கல. படம் வைக்கிற சாய்வுப் பலகை ஒண்ணுல துப்பாக்கியை நிமித்தி வச்சாங்க. கட்டை கீழ, குழல் மேல. வாய் நேரா நிக்கிறவன் மூக்கைப் பாத்துச்சு.

அடுத்தது எச்சரிக்கை. துப்பாக்கியில எது ஆபத்தான இடமோ அங்க எச்சரிக்கைப் பலகை தொங்கணும்னு விதி. ஆபத்தான இடம் விசை. அதுவும் சௌகரியமா கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. 'தானாக வெடிக்கக் கூடாது'ன்னு நிப்போங்கோவுல, அதான் ஜப்பான் பாஷையில, எழுதின பலகையைக் கேப்டன் கையெழுத்தோட முன் விசையில தொங்கவிட்டாரு கிராணி. துரை துப்பாக்கியில அந்த விசை எவ்ளோ லேசா அசையும்னு தியாகு விரலுக்குத்தான் தெரியும்.

"ஐயா, கனம் ஏறுதுங்க. கீழ இழுக்குது."

"உத்தரவுன்னா கனமாத்தான்டா இருக்கும்."

எப்படியாவது அந்தப் பலகையைக் கழட்டணும்னு தியாகு வேற வழியா வந்தான். "ஐயா, இது இங்கிலீஷ்காரன் செஞ்ச துப்பாக்கி. இதுக்கு நிப்போங்கோ தெரியாதே. படிக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்குங்க பலகை?"

கிராணி முகம் வெளுத்துப்போச்சு. "ஆமாடா! இது எனக்குத் தோணாமப் போச்சே!"

தியாகு ஜெயிச்சுட்டோம்னு நெனச்சான். கிராணி அன்னைக்கே ஒரு விண்ணப்பம் எழுதி, துப்பாக்கியை நிப்போங்கோ வகுப்புல சேர்த்துட்டாரு.

சிரிக்காதீங்க. அப்பல்லாம் உத்தியோகத்துல இருக்கிற எல்லாரும் படிச்சே ஆகணும்னு சட்டம். துப்பாக்கியும் அரசாங்க உத்தியோகத்துலதானே இருந்துச்சு? தினமும் காலையில தியாகு அதைச் சாய்வுப் பலகையோட தூக்கிக்கிட்டுப் போய் முன் வரிசையில வைப்பான். வாத்தியாரைப் பாத்த மாதிரி. பாவம், எதைக் கேட்டாலும் அந்த மனுஷன் "சரியான விடை, சரியான விடை"ன்னு சொல்லிக்கிட்டே கரும்பலகைக்குப் பின்னால போயிடுவாரு. மூணு மாசத்துல பரீட்சை. கிராணிக்கு மூணாவது வகுப்பு. துப்பாக்கிக்கு முதல் வகுப்பு. வகுப்புல வாயைத் தொறக்கல, எதிர்க்கேள்வி கேக்கல, பாடத்தைப் பத்தி அபிப்பிராயம் சொல்லல. உத்தியோகஸ்தன்னா இப்படியில்ல இருக்கணும்னு கேப்டனே பாராட்டினாரு. கண்ணாடிச் சட்டம் போட்ட சர்டிபிகேட்டும் விசையிலயே தொங்குச்சு.

தியாகு ராத்திரி பூரா தூங்காம கழுத்தைத் தடவிக்கிட்டே படுத்திருப்பான்.

அந்த நேரம் பாத்து ஆயுத பூஜை வந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல கிராணி பேனா, மைக்கூடு, ரப்பர் முத்திரைன்னு வச்சுத்தான் கும்பிடுவாரு. இந்தத் தடவை நிஜமான ஆயுதமே இருக்கே! "ஆயுதத்தைக் கும்பிடுற பண்டிகை"ன்னு கேள்விப்பட்டதும் கேப்டனுக்கு ஒரே குஷி. இவ்ளோ நாகரிகமான ஜனங்களா நீங்கன்னு தானே வர்றேன்னுட்டாரு.

துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வச்சாச்சு. எலுமிச்சம்பழ மாலையைக் கிராணி குழல்லதான் போட்டாரு.

"நல்லா இறுக்கிக் கட்டுங்கய்யா, சரியப்போவுது."

"சாமிக்குப் போட்ட மாலையைக் கட்டுவாங்களாடா?"

பூஜைக்கு முன்னால வழக்கமான சடங்கு. கேப்டன் முன்னால நிக்க, பின்னால கிராணி, தியாகு, ஷரீஃபுதீன் நானா. நானா ஏன்னா, இது நான் குடுத்த துப்பாக்கிதான், குடுத்தபடியே இருக்குன்னு வாராவாரம் வந்து கையெழுத்துப் போடணும். எல்லாரும் கிழக்கே பாத்து இடுப்பு வரைக்கும் குனிஞ்சாங்க. நானா மட்டும், "நான் தொழுகைக்குத்தான் குனிவேன், இது கீழ விழுந்த பட்டனைத் தேடுறது"ன்னு முணுமுணுத்துக்கிட்டே குனிஞ்சாரு.

மாலை சரிஞ்சுச்சு. சந்தனத்துல வழுக்கிக்கிட்டே குழல் வழியா இறங்கி, பலகை, சர்டிபிகேட்டோட சேந்து விசையில போய் உக்காந்துச்சு.

டமார்!

முதல் வகுப்பு வாயைத் தொறந்துருச்சு. குனிஞ்ச முதுகுங்க மேல குண்டெல்லாம் பறந்துபோய், பின் சுவத்துல இருந்த தோக்கியோ கடிகாரத்தைச் சல்லடை ஆக்குச்சு. புகை அடங்கினதும் கேப்டன் மெதுவா நிமிந்தாரு. கடிகாரத்தைப் பாத்தாரு. அப்புறம் கத்தி மேல கை வச்சாரு.

"தானா வெடிச்சதான்னு கேக்குறாரு"ன்னாரு கிராணி. குரல் எலிக்குஞ்சு மாதிரி கேட்டுச்சு.

தியாகு கழுத்தை ஒருதரம் தடவிக்கிட்டான். "தானா வெடிக்கலைங்க."

"பின்ன?"

"தானா வெடிக்கக் கூடாதுன்னு கேப்டன் துரை கையெழுத்துப் போட்ட உத்தரவு அதுலயே தொங்குது. அதைப் படிக்கிற அளவுக்கு அதுக்குப் படிப்பும் இருக்கு. அப்படியும் தானா வெடிச்சுதுன்னா, துரை உத்தரவுக்கு மதிப்பில்லன்னுதானே அர்த்தம்? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரலைங்க. வேணும்னா பெரிய கிராணி மேலிடத்துக்கு எழுதட்டும்."

கிராணி இதை மொழிபெயர்த்தாரு. 'மேலிடம்'ங்கிற சொல்லு வந்ததும் கேப்டன் கை கத்தியை விட்டுருச்சு. அவருக்கு மேலயும் ஒரு கத்தி இருக்கும்ல? அங்கயும் இங்கயும் நடந்தாரு. எல்லாரையும் எண்ணிப் பாத்தாரு. ஒருத்தன் கூட சாகல. ஏன் சாகல?

கிராணிக்கு அந்த நிமிஷம் ஞானம் பிறந்துச்சு. "எல்லாரும் குனிஞ்சிருந்தோம்!"

அறிக்கை அன்னைக்கே தயார். 'மேற்படி சம்பவம் விபத்தன்று, திட்டமிட்ட பயிற்சி. நிமிர்ந்து நிற்பதே துப்பாக்கி விபத்துகளுக்குக் காரணம் என்பது இதனால் ஐயந்திரிபற நிரூபணமாகிறது. இனி மேற்படி துப்பாக்கிக்கு ஐம்பது கெஜ தூரத்துக்குள் வருவோர் அனைவரும் குனிந்தே இருத்தல் வேண்டும்.' கடைசியில ஒரு வரி வேற: 'வெடித்த குழலில் புதிய தோட்டா இட்டு, குதிரையைப் பின்னிழுத்து, பொருளை ஒப்படைக்கப்பட்ட நிலைக்கே கொண்டுவருதல் வேண்டும்.'

தியாகு கையாலேயே தோட்டாவைப் போட வச்சாங்க.

வீட்டுக்கு வந்து சொன்னான். பூங்காவனம் இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னா. "துப்பாக்கி மட்டும்தான் குடுத்த நிலையில இருக்கணுமா? எங்கப்பன் உங்களை எனக்குக் கட்டிவைக்கும்போது கழுத்து மேல தலை இருந்துச்சு. எனக்கும் குடுத்தது குடுத்தபடி இருக்கணும். இதுக்கு என் உத்தரவு, எண் ஒண்ணு. நாளைக்கு அந்தத் தோட்டா ரெண்டும் இங்க வந்தாகணும்."

"தெரிஞ்சுபோனா?"

"ஐம்பது கெஜத்துக்கு எல்லாரும் குனிஞ்சுல்ல இருக்கானுங்க. எவன் பாக்கப்போறான்?"

அட, அதுவும் சரிதானே! மறுநாள் பட்டப்பகல்ல, ஆபீஸ் நடுவுல, கிராணி ரெண்டு முழம் தள்ளித் தன் கால் கட்டைவிரலைப் பாத்துக்கிட்டு நிக்க, தியாகு துப்பாக்கியை மடக்கி ரெண்டு தோட்டாவையும் உருவி மடியில சொருகிக்கிட்டான். ஒரு பூனை மட்டும் பாத்துச்சு. குதிரையை மெதுவா இறக்கி, பழையபடி நிக்க வச்சான். பூங்காவனம் ரெண்டையும் கக்கூஸ் குழியில போட்டு மூடிட்டா.

அன்னைக்குத்தான் தியாகு நிம்மதியா தூங்கினான். அப்புறம் மூணு வருஷம் துப்பாக்கி முக்கக்கூட இல்ல. அந்தப் பெருமை யாருக்குப் போச்சு? குனியிறதுக்கு! கிராணிக்கு 'பாதுகாப்புத் திலகம்'னு ஒரு பதக்கம். குனியிறதே ஊர்ல பேஷனாப் போச்சு. நல்லா குனியத் தெரிஞ்ச மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுத்தாங்க. எத்தனை பாகை குனியிறதுன்னு சொல்லிக்குடுக்க தனி வகுப்பு நடந்துச்சு. குனிஞ்சபடியே சண்டை போட்டுக்கிட்டாங்க, குனிஞ்சபடியே சமாதானம் ஆனாங்க. காஜா பெராங் ஆளுங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் மறந்து, செருப்பை வச்சு அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாங்க. தியாகுவும்தான் குனிஞ்சான். காலி துப்பாக்கிக்கு முன்னால, காலின்னு தெரிஞ்சே. சொன்னா தலை போயிடுமே!

அப்புறம் ஒருநாள் ஜப்பான்காரன் சரண்டர். கேப்டனைக் காணோம். கிராணிக்கு ஒரே வாரத்துல தலைமயிர் வளந்து, நடுவகிடு விழுந்து, டை முளைச்சுது. அது எப்படின்னு என்னைக் கேக்காதீங்க, நானே இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஜீப்புல ஒரு வெள்ளைக்காரத் துரை துப்பாக்கிங்களைச் சேகரிக்க வந்தான். இறங்கிப் பாத்தா, ஐம்பது கெஜத்துக்கு ஊரே முதுகு.

"இவங்களுக்கு என்ன ஆச்சு?"ன்னான்.

கிராணி குனிஞ்சபடியே இங்கிலீஷ்ல சொன்னாரு. "துப்பாக்கிப் பாதுகாப்பு, சார்! மூணு வருஷமா விபத்தே இல்ல, சார்!"

துரை துப்பாக்கியை எடுத்து மடக்கிப் பாத்தான். ரெண்டு குழலும் காலி. அந்தப் பக்கம் வானம் தெரிஞ்சுது. துரை வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "தோட்டாவை எடுத்தது யாரு?"

இனி கத்தி இல்ல, தலை தப்பிச்சுதுன்னு தியாகு நெனச்சான். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா, முழுசா நிமிந்தான். மூணு வருஷம் கழிச்சு எலும்பு ஒவ்வொண்ணும் சத்தம் போட்டுச்சு. "நான்தாங்க. ரெண்டு நிமிஷ வேலை." அப்புறம் ஊரைப் பாத்துக் கத்தினான். "எல்லாரும் நிமிருங்கய்யா! காலி! மூணு வருஷமா காலி!"

ஊரு மெதுவாத் தலையைத் தூக்குச்சு. துப்பாக்கியைப் பாத்துச்சு. அதைப் பிடிச்சிருந்த கையைப் பாத்துச்சு. கைக்கு மேல தொப்பியைப் பாத்துச்சு. மறுபடி குனிஞ்சுக்கிச்சு.

"ஏன் நானா குனியிறீங்க? காலின்னு சொல்றேன்ல?"

ஷரீஃபுதீன் நானா தரையைப் பாத்தபடியே சொன்னாரு. "துப்பாக்கி காலிதான் தம்பி. துரை காலி இல்லையே."

துரை அந்த முதுகுங்களை ஒரு நோட்டம் விட்டான். அவனுக்கு அந்தக் காட்சி பிடிச்சுப்போச்சு. "நல்ல பழக்கம். எனக்காக இதை நிறுத்த வேணாம்"னு சொல்லிட்டு ஜீப்புல ஏறினான். கிராணி அன்னைக்கு மத்தியானமே அதை இங்கிலீஷ்ல டைப் அடிச்சு ஒட்டிட்டாரு. கூடவே இன்னொரு காகிதம்: 'பொது இடத்தில் நிமிர்ந்து நின்ற குற்றத்துக்காகப் பியூன் தியாகு வேலையிலிருந்து நீக்கம்.'

அவன் அந்தக் காகிதத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, நட்டமா நிமிந்து, காஜா பெராங் ரோட்டு நடுவுல நடந்து வீட்டுக்குப் போனான். பாத்தவங்க யாரும் இல்ல. எல்லாரும் குனிஞ்சுல்ல இருந்தாங்க!

என்ன சிரிப்பு? நாளைக்குக் காலையில உங்க மேனேஜர் எதிர்ல வரும்போது நீங்க எத்தனை பாகையில நிப்பீங்கன்னு நான் வந்து பாக்கத்தான் போறேன். சரி, கதை கேட்ட கூலி. எனக்கு ஒரு கோப்பி, பால் கெட்டியா. ரெண்டு ரொட்டி, நெய் தடவி. வாழைமரம் படம் போட்ட, செல்லாமப் போன ஜப்பான் நோட்டு எவனாவது நீட்டினா, அதுலயே மூக்கைச் சிந்தித் திருப்பிக் குடுத்துருவேன். ம், எடுங்க. ஏன்யா, பாக்கெட்டுல கை விடச் சொன்னா எல்லாரும் மேஜைக்கு அடியில குனியிறீங்க?